பழைய வைடு லென்ஸ் தேடும் பிள்ளைகளுக்கு

முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பார்கள். இப்போது கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டே வருகிறார்கள். கேட்பதெல்லாம் பழைய லென்ஸைப் பற்றி. அகலமாகப் பார்க்க வேண்டும், எஃப்/2 அளவுக்காவது திறக்க வேண்டும், விலை மட்டும் ஏறக்கூடாது. மூன்றும் ஒரே லென்ஸில் அமைவது அபூர்வம். எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்க உதவும் என்றுதான் இவற்றை எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 4-ஐயும் 8-ஐயும் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

1. முதலில் உங்கள் சென்சார் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இந்த லென்ஸ்கள் 36-க்கு 24 மி.மீ. ஃபிலிம் சட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும், 28 மி.மீ. சுமார் 75, 35 மி.மீ. 63. ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் (கேனானில் 1.6), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2-ஆல். ஆசையாக வாங்கிய 28 அங்கே 42 ஆகிவிடும், அல்லது 56 ஆகிவிடும். அது நல்ல லென்ஸ்தான், ஆனால் வைடு இல்லை. சின்ன சென்சாரில் உண்மையான அகலம் வேண்டுமென்றால் 17, 18, 20 மி.மீ. என்று போக வேண்டும். அந்தக் காலத்தில் 20 மி.மீ. லென்ஸ் எஃப்/2.8-க்குத் திறந்ததே பெரிய சாதனை. ஒலிம்பஸ் 21 மி.மீ.யில் எஃப்/2 செய்தது. ஆனால் அதை இன்றைக்கு விற்கிறவர்கள் சொல்லும் விலையில் நல்லதொரு புது ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கிவிடலாம். ஆகவே, சின்ன சென்சார் உள்ள க்ராப் கேமராக்காரர்களுக்கு என் பதில் நேரடியானது: அகலத்துக்குப் புது லென்ஸ் வாங்குங்கள், பழையதில் 28-ஐயோ 35-ஐயோ சாதாரண லென்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. அதை 12-இல் சொல்கிறேன்.

2. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் 28-இல் தொடங்குங்கள். 24 மி.மீ. எஃப்/2 எல்லாமே விலை கூடியவை, மூலைகளில் தடுமாறுபவை. 35 மி.மீ. எஃப்/2 எளிதில் கிடைக்கும், பிழையும் குறைவு. ஆனால் வீட்டு முன்னறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்காது. 28-இல் அடங்கும், ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகமும் அவ்வளவாக இழுபடாது.

3. வேகம் எதற்கு என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்/2.8-ஐவிட எஃப்/2 இரண்டு மடங்கு வெளிச்சம் விடும், எஃப்/1.4 நான்கு மடங்கு. கோடாக்ரோம் 25, 64 என்று ஸ்லைடு ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த இரண்டு மடங்குதான் படம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் நடுவே நின்றது. 400 ஃபிலிமை 'வேகமானது' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வியூஃபைண்டருக்கும் அதில் பங்கு இருந்தது. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் லென்ஸ் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வெளிச்சத்தில்தான் கண்ணுக்குக் காட்சி தெரியும், அதை வைத்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் திரை தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. 1600-இலிருந்து 3200-க்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ஒரு ஸ்டாப், அதாவது அந்த இரண்டு மடங்கு, கைக்கு வந்துவிடுகிறது, படமும் பெரிதாகக் கெடுவதில்லை. இருட்டில் எடுப்பதற்காக மட்டும் என்றால் எஃப்/2-க்கு இரட்டிப்பு விலை கொடுப்பது வீண்.

பின்புலம் மங்க வேண்டும் என்பதற்காகவா? அப்படியென்றால் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 28 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் திறந்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், பழைய கணக்குப்படி சுமார் 2.4 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர் வரை எல்லாமே தெளிவாகத்தான் விழும். போர்ட்ரெயிட் லென்ஸ் தரும் மங்கல் இதில் வராது. வர வேண்டுமென்றால் 30 செ.மீ.க்குள் நெருங்க வேண்டும். அதனால் பெட்டியில் எஃப் எண்ணைப் பார்ப்பதற்கு முன் லென்ஸ் வளையத்தின் கடைசி எண்ணைப் பாருங்கள்: எவ்வளவு கிட்டே போகும்? நிக்கானின் 28 மி.மீ. எஃப்/2.8 ஏஐ-எஸ் 20 செ.மீ. வரை நெருங்கும். அதே காலத்து வேறு பல 28-கள் 30 செ.மீ.யிலேயே நின்றுவிடும். அந்தப் பத்து செ.மீ. தரும் மங்கலை ஒரு ஸ்டாப் வேகம் தராது.

4. ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்குச் செய்த லென்ஸை வாங்குங்கள், ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை விட்டுவிடுங்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்குள் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது. அதற்கு இடம் விட வேண்டும் என்பதால் லென்ஸின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமிலிருந்து 40 மி.மீ. அளவாவது தள்ளி நிற்க வேண்டியிருந்தது. 28 மி.மீ. குவியத் தூரம் உள்ள லென்ஸை 40 மி.மீ. தள்ளி வைப்பது எப்படி? பிரெஞ்சுக்காரர் பியர் ஆஞ்சனியூ 1950-இல் ஒரு வழி செய்தார்: முன்பக்கம் பெரிய விரி லென்ஸ் ஒன்றைப் போட்டு, டெலிஸ்கோப்பைத் திருப்பிப் பிடித்த மாதிரி அமைத்தார். ரெட்ரோஃபோகஸ் என்று தன் 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸுக்கு அவர் வைத்த பெயரே பிறகு அந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயர் ஆயிற்று. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஆடும் கண்ணாடி இல்லை. அங்கே லென்ஸின் பின்பகுதி ஃபிலிமைத் தொடுகிற மாதிரி உள்ளே போகலாம். அமைப்பு எளிது, கோடுகள் வளையாது, லென்ஸும் சிறியது. ஃபிலிம் காலத்தில் அவைதான் உயர்ந்த சாதி.

டிஜிட்டல் வந்ததும் நிலைமை தலைகீழ். ஃபிலிம் எந்தக் கோணத்தில் வரும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். சென்சார் அப்படியில்லை, நேராக விழும் வெளிச்சத்தைத்தான் விரும்பும். அதன் மேல் ஃபில்டர் கண்ணாடி ஒன்றும் ஒட்டியிருக்கிறது. லைக்காவில் 1 மி.மீ.க்கும் குறைவு, சோனியில் சுமார் 2 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சுமார் 4. கிட்டே நின்று சாய்வாகக் கதிரை வீசும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை சோனியில் மாட்டினால், மூலைகள் குழைந்துபோகும், ஓரங்களில் சிவப்போ நீலமோ ஏறும். எஃப்/8-க்கு மூடினாலும் முழுதாகச் சரியாகாது. ரெட்ரோஃபோகஸ் லென்ஸ் தூரத்திலிருந்து கதிரை அனுப்புவதால், அதே சென்சாரில் பிரச்சினை இல்லாமல் வேலை செய்கிறது. ஆடும் கண்ணாடிக்காகச் செய்த சமரசம், கண்ணாடியே இல்லாத கேமராவில் நமக்குப் பயன்படுகிறது.

5. மவுண்டைப் பற்றி இவ்வளவு போதும்: லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம் 46, எம்42 ஸ்க்ரூவும் பென்டாக்ஸ் கே-யும் 45.46, கேனான் ஈஎஃப் 44, மினோல்ட்டா எம்டி 43.5, பழைய கேனான் எஃப்டி 42. சோனி ஈ 18, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. லென்ஸின் எண் கேமராவின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், மீதியை அடாப்டர் நிரப்பும். மிரர்லெஸ்காரர்களுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. கேனானின் பழைய ரிஃப்ளெக்ஸ் டிஜிட்டலில் நிக்கான், எம்42, ஒலிம்பஸ் ஏறும். மினோல்ட்டாவும் எஃப்டியும் ஏறாது. நிக்கானின் ரிஃப்ளெக்ஸில் நிக்கானைத் தவிர அநேகமாக எதுவும் ஏறாது. நடுவில் கண்ணாடி வைத்த மலிவு அடாப்டர் இருக்கிறதே என்பார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டால் லென்ஸ் எதுவாக இருந்தாலும் படம் அந்தக் கண்ணாடியின் தரத்துக்கு இறங்கிவிடும்.

6. அடாப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். டெலி லென்ஸுக்கு மலிவு அடாப்டர் தாங்கும், வைடுக்குத் தாங்காது.

அடாப்டர் ஒரு மயிரிழை தடித்துவிட்டால் லென்ஸ் இன்ஃபினிட்டிக்குப் போகாது, தூரத்து மலை தெளியாது. வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று பயந்து செய்கிறவர்கள் வேண்டுமென்றே மெலிதாகக் கடைகிறார்கள். அப்போது இன்ஃபினிட்டி வளையத்தின் குறிக்கு முன்பே வந்துவிடும். சாதாரண லென்ஸில் இதனால் நஷ்டமில்லை. ஆனால் வேகமான வைடுகள் பலவற்றில் உள்ளே கண்ணாடிக் குழுக்கள் தனித்தனியே நகர்கின்றன. நிக்கான் 1967-இல் தன் 24 மி.மீ. எஃப்/2.8-இல் முதலில் கொண்டுவந்த ஏற்பாடு அது. கிட்டே எடுக்கும்போதும் மூலைகள் கெடாமல் இருப்பதற்காக. வளையம் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அந்த இடைவெளிகள் மாறும். மெலிந்த அடாப்டரில் வளையம் 2 மீட்டரைக் காட்டும்போது படம் இன்ஃபினிட்டியில் இருக்கும். உள்ளே கண்ணாடிகள் 2 மீட்டருக்கான இடத்தில் நிற்கும். நடுப்பகுதி கூர்மை, மூலைகள் கஞ்சி. பழி லென்ஸின்மேல் விழும். குறை சொல்லப்படும் வைடுகளில் கணிசமானவை இப்படி அடாப்டருக்காகத் தண்டனை வாங்குகின்றன என்பது என் கருத்து. இன்ஃபினிட்டிக் குறியும் உண்மையான இன்ஃபினிட்டியும் ஒத்துப்போகிற அடாப்டரைப் பாருங்கள். கூடுதல் விலை நியாயமே.

சின்ன விஷயம் ஒன்று: எம்42 லென்ஸ் சிலவற்றில் ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் இருக்காது. அவற்றுக்குப் பின்புற ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் அப்பர்ச்சர் மூடவே மூடாது. கேனான் எஃப்டி அடாப்டரில் தனியாக ஒரு பூட்டு வளையம் இருக்கும். அதைத் திருப்ப மறந்தாலும் இதே கதைதான்.

7. பேரைப் பார்த்து வாங்குவது, ஊர்ப்பேரைக் கேட்டு மாப்பிள்ளையை முடிவுசெய்வது மாதிரி. இருந்தாலும் பேர்களைச் சொல்லாமல் விட்டால் விடமாட்டீர்கள்.

28 எஃப்/2-இல் நான் முதலில் கைநீட்டுவது நிக்கான். 25 செ.மீ. நெருக்கம், 52 மி.மீ. ஃபில்டர், எளிதில் பிரித்துத் துடைக்கக்கூடிய உடம்பு. ஒலிம்பஸ் சூய்க்கோ 28 எஃப்/2 அளவில் குட்டி, 49 மி.மீ. ஃபில்டர், பயணத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் அப்பர்ச்சர் வளையம் முன்பக்கம் இருப்பதால் பழகச் சில நாள் ஆகும். மினோல்ட்டா, கேனான் எஃப்டி இரண்டிலும் 28 எஃப்/2 உண்டு. ரிஃப்ளெக்ஸ்காரர்கள் தொட முடியாத மவுண்ட் என்பதால் முன்பு மலிவாக இருந்தன, மிரர்லெஸ் வந்ததும் ஏறிவிட்டன. கான்டாக்ஸுக்குச் செய்த ஸைஸ் டிஸ்டகான் 28 எஃப்/2-க்கு 'ஹாலிவுட்' என்று பட்டப்பெயர். படம் அருமை, விலையில் பாதி அந்தப் பட்டப்பெயருக்கு.

விவிட்டார் கதை வேறு. அது அமெரிக்க வணிகப் பெயர். லென்ஸ்களைச் செய்தவை வெவ்வேறு ஜப்பானியக் கம்பெனிகள். சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 22 என்றால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. கோமினே செய்த 28 எஃப்/2 'க்ளோஸ் ஃபோகஸ்' காசுக்கு நல்ல சரக்கு. கினோ செய்ததும் நன்றாகவே வரையும், ஆனால் அப்பர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் ஏறுவது அதன் பரம்பரை நோய்.

35-ஐ விரும்புகிறவர்கள் கிழக்கு ஜெர்மனியின் ஃப்ளெக்டகான் 35 எஃப்/2.4-ஐப் பாருங்கள். எம்42, 20 செ.மீ. அளவுக்கு நெருங்கும், பூவையும் பூவுக்குப் பின்னால் தெருவையும் சேர்த்து எடுக்கலாம். சோவியத் மீர்-24 35 எஃப்/2-உம் மோசமில்லை. கேனானின் எஃப்டி 24 எஃப்/1.4 அஸ்ஃபெரிக்கலைப் பற்றிக் கேட்காதீர்கள். 1975-இல் வந்த அற்புதம்; தொடங்குகிறவர்களுக்கு அந்தப் பணத்தில் வேறு வேலை இருக்கிறது.

8. கையில் வாங்கியதும் செய்ய வேண்டியவை. இதற்குக் கடையில் அவசரம் காட்டினால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். தூசித் துணுக்குகள் தெரியும். பரவாயில்லை, எந்தப் பழைய லென்ஸிலும் உண்டு. சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது ஃபங்கஸ். ஓரத்தில் சிறு புள்ளி என்றால் துடைத்துவிடலாம். ஆனால் அது கோட்டிங்கைத் தின்றிருந்தால் துடைத்த பிறகும் தழும்பு இருக்கும். பார்வைக்குப் புகை படிந்தாற்போல முழுப் பரப்பும் வெளுத்திருந்தால் அது ஹேஸ். எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்கப் பால் ஊற்றும். விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் ஒரு வளையமோ குமிழியோ தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. அதற்கு மருத்துவம் பார்ப்பது வாங்கிய விலையைவிட அதிகம், வேண்டாம். முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பின்கண்ணாடியில் கீறல் என்றால் பேரத்தை நிறுத்துங்கள், அது படத்தில் தெரியும்.

அடுத்து பிளேடுகள். வளையத்தைத் திருகிப் பின்புற நெம்புகோலைத் தட்டிவிட்டுப் பாருங்கள். படக்கென்று மூடித் திறக்க வேண்டும். பிளேடில் எண்ணெய் மின்னினால் கேள்வி கேளுங்கள். மிரர்லெஸ்ஸில் நாமே கையால் மூடித்தானே எடுக்கிறோம், எண்ணெய் இருந்தால் என்ன என்று விற்கிறவர் சொல்வார். பாதி உண்மை. அந்த எண்ணெய் வெயிலில் ஆவியாகி உள்கண்ணாடிகளில் போய்ப் படிந்து ஹேஸாக மாறும் என்பது மீதிப் பாதி.

ஃபோகஸ் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கனத்தில் சுழல வேண்டும். பெயர் வளையத்தைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை நசுங்கியிருந்தால், யாரோ தெரியாதவர் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். வைடு லென்ஸில் அது எனக்குப் போதுமான காரணம், நான் வாங்கமாட்டேன்.

9. உள்ளே ஒரு கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் டார்ச்சில் தெரியாது, படத்தில்தான் தெரியும். தூரத்துக் கட்டடமோ அடிவானமோ தெரிகிற இடத்துக்குப் போங்கள். முழுத் திறப்பில், ஒரே பொருள் ஒவ்வொரு மூலையாக வருமாறு நான்கு படம் எடுங்கள்; ஒவ்வொரு மூலையிலும் அந்த இடத்துக்கே பெரிதாக்கி ஃபோகஸ் செய்துகொள்ளுங்கள். நான்கும் ஒரே அளவுக்கு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் சுபாவம். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் குழைந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு மூலையைப் பார்த்துத் திட்டாதீர்கள். பழைய வேக வைடுகளின் ஃபோகஸ் தளம் தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். இரவில் தெருவிளக்கை மூலையில் வைத்து எடுத்தால் அது பறவை இறக்கை விரித்த மாதிரி வரும். அது கோமா, இந்த வயது லென்ஸ்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. நட்சத்திரம் எடுக்கும் ஆசை இருந்தால் வேறு லென்ஸ் பாருங்கள்.

10. சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. பென்டாக்ஸின் டக்குமார் லென்ஸ்கள் சிலவற்றிலும், முன்கண்ணாடி உட்குழிந்த பழைய கேனான் எஃப்டி 35 எஃப்/2-இலும் இருப்பது தெரிந்ததே. கதிர்வீச்சு மிகக் குறைவு; பையில் வைத்துப் படம் எடுப்பதில் அச்சம் வேண்டாம், தலையணைக்கடியில் வைத்துத் தூங்க வேண்டாம், அவ்வளவுதான். காலம் போகப்போகக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறும். சில நாள் வெயிலில் வைத்தால், அல்லது புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். வெயிலில் வைக்கும்போது கண்ணாடியின் பின்னால் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது.

11. எடுக்கும் முறை. கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்பதை ஆன் செய்யுங்கள். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படுவது இதனால்தான். உள்ளே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 28 என்று நீங்களே எண்ணை இட வேண்டும். க்ராப் பெருக்கல் எதுவும் போடாமல் லென்ஸில் எழுதியதையே இடுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமையில் வையுங்கள், மீட்டர் தானாகப் பார்த்துக்கொள்ளும்.

ஃபோகஸ் பீக்கிங்கை வைடில் நம்பாதீர்கள். ஆழம் அதிகம் என்பதால் எல்லா ஓரமும் சிவப்பாக மின்னும், எது உண்மை என்று தெரியாது. முழுத் திறப்பில் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். தெருவில் நடக்கும்போது இதற்கெல்லாம் நேரமில்லை: எஃப்/8, வளையம் 3.3 மீட்டர். 28 மி.மீ.யில் அப்போது 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு சின்னப் பிரிண்டுக்காகப் போட்டது. 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் எஃப்/11 வையுங்கள். ஹூட் இல்லாமல் வெளியே போகாதீர்கள். அந்தக் காலக் கோட்டிங் பக்கவாட்டு வெயிலைத் தாங்காது. வைடுக்கென்று செய்த ஆழமில்லாத ஹூட்தான் வேண்டும், மற்றது மூலைகளை மறைத்துவிடும்.

12. க்ராப் கேமராக்காரர்களுக்குச் சொன்ன இன்னொரு வழி: ஃபோக்கல் ரெடியூசர். மெட்டபோன்ஸ் 2013-இல் ஸ்பீடு பூஸ்டர் என்று கொண்டுவந்தது. இப்போது பலர் செய்கிறார்கள். அடாப்டருக்குள் நல்ல கண்ணாடிக் கூட்டு ஒன்றை வைத்துப் படத்தை 0.71 மடங்காகச் சுருக்கும். 28 எஃப்/2 என்பது 20 எஃப்/1.4 ஆகிறது, ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய 30 மி.மீ. பார்வை திரும்பக் கிடைக்கிறது, ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடுகிறது. ஐந்தாவதில் திட்டிய மலிவுக் கண்ணாடி வேறு, இது வேறு. இதன் விலையையும் லென்ஸ் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

13. சென்னையோ நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ, கடலோரத்தில் இருப்பவர்கள் லென்ஸ் வாங்கும் அன்றைக்கே காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வாங்கிவிடுங்கள். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் முள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து எடுத்துத் திரும்பப் போடலாம். அதிகம் காயவைப்பதும் நல்லதல்ல, 30-க்குக் கீழே போகவிடாதீர்கள். ஏற்கெனவே ஃபங்கஸ் பிடித்த லென்ஸைத் துடைத்து வாங்கியிருந்தால் அதற்குத் தனி டப்பா. லென்ஸோடு வந்த பழைய தோல் பை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தோல் ஈரம் குடிக்கும், பூஞ்சைக்கு அதுவே தாய்வீடு. பையை ஷோகேஸில் வையுங்கள், லென்ஸை அதில் வைக்காதீர்கள்.